வேலூர் – சேலம் ஆகாயத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? சிறு விமான நிலையங்களுக்கான கைக்கணக்கு

காட்பாடியிலிருந்து சேலம் ஜங்ஷன் வரை தண்டவாளத்தின் நீளம் ஏறத்தாழ 204 கிலோமீட்டர். சாலையில் போனாலும் 200க்கு முன்னே பின்னே வரும், கிருஷ்ணகிரி சுற்றினால் இன்னும் கூடும். இதே இரண்டு ஊருக்கும் ஆகாயத்தில் தூரம் எவ்வளவு, விமானத்தில் நேரம் எவ்வளவு? தூரக் கணக்குப் போட்டுத் தரும் கருவி ஒன்றில் ஊர்ப் பெயரைத் தட்டினால், ஜெட் விமானத்தின் வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு அது 12 நிமிடம் என்று சொல்லலாம். இன்னொன்று எல்லாப் பயணத்துக்கும் அரை மணி நேரத்தைக் கூட்டி முக்கால் மணி என்று சொல்லலாம். முன்னதில் தவறு எங்கே இருக்கிறது, பின்னது ஏன் தற்செயலாகச் சரியாக வருகிறது என்பதைக் காகிதம், பேனா, சாதா கால்குலேட்டர் வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒரு விஷயம். வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையம், சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, அங்கே புதுப்பிக்கும் வேலைகள் நடந்திருக்கின்றன. ஆனால் இதை எழுதும்போது அங்கிருந்து முறையான பயணிகள் சேவை இல்லை. சேலம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரிலிருந்து மறுபடி ஏ.டி.ஆர். என்ற புரொப்பெல்லர் விமானங்கள் வந்து போகின்றன. ஆகவே இங்கே போடுவது டிக்கெட் வாங்கப் போகிறவருக்கான கணக்கு அல்ல. விமான ஓட்டப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள், விமானப் போக்குவரத்துத் துறைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், ‘நம்ம ஊருக்கு பிளேன் வந்தால் என்ன லாபம்’ என்று டீக்கடையில் வாதம் பண்ணுகிறவர்கள் ஆகியோருக்கானது.

முதல் வேலை: சரியான நிலையத்தைப் பிடிப்பது

சேலம் என்று தட்டினால் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்திலுள்ள சேலம் முன்னால் வந்து நிற்கும். ‘எஸ்.எல்.எம்.’ என்று ஊகித்துத் தட்டினால் ஸ்பெயினின் சலமாங்கா வரும். நம்முடைய சேலத்துக்கு டிக்கெட்டில் அச்சாகும் மூன்றெழுத்துக் குறி எஸ்.எக்ஸ்.வி. வேலூருக்கு ‘வி.எல்.ஆர்.’ என்று தட்டினால் சிலி நாட்டின் வயெனார் கிடைக்கும். தூரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் காட்டினால் காரணம் இதுதான்.

இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்க நான்கெழுத்துக் குறியைப் பயன்படுத்துங்கள். வேலூர் வி.ஓ.வி.ஆர்., சேலம் வி.ஓ.எஸ்.எம். முதல் இரண்டெழுத்தான ‘வி.ஓ.’ என்பது தென்னிந்தியாவைக் குறிக்கும். சென்னை, திருப்பதி, புதுச்சேரி எல்லாமே ‘வி.ஓ.’வில்தான் தொடங்கும். தட்டிய குறி அப்படித் தொடங்கவில்லை என்றால் தென்னிந்தியாவுக்கு வெளியே எங்கோ நிற்கிறீர்கள். பயணிகள் விமானமே வராத சின்ன நிலையத்துக்கும் பெரும்பாலும் நான்கெழுத்துக் குறி உண்டு, மூன்றெழுத்துக் குறி இல்லாமல் போகலாம்.

ஆள்கூறு எடுப்பதும் அதில் நேரும் தவறும்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ‘குறிப்புப் புள்ளி’ ஒன்று உண்டு. பெரும்பாலும் ஓடுபாதையின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். தூரத்தை அளப்பது அந்தப் புள்ளியிலிருந்துதான், ஊரின் பேருந்து நிலையத்திலிருந்து அல்ல. இந்திய விமான நிலைய ஆணையம் (ஏ.ஏ.ஐ.) வெளியிடும் விமானத் தகவல் கையேட்டில் அந்தப் புள்ளியின் ஆள்கூறு, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள், இருக்கும்.

வேலூர்: வடக்கு 12 டிகிரி 54.5 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 4.0 நிமிடம்.
சேலம்: வடக்கு 11 டிகிரி 47.0 நிமிடம், கிழக்கு 78 டிகிரி 3.9 நிமிடம்.

புதியவர்கள் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. வேலூரின் அட்சரேகையை 12 டிகிரி 54 நிமிடம் 31 விநாடி என்று எழுதியிருந்தால், அதைப் பதின்மத்தில் 12.5431 என்று எழுதிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தவறு. 54ஐ 60ஆல் வகுத்து, 31ஐ 3600ஆல் வகுத்து, இரண்டையும் 12உடன் கூட்ட வேண்டும். விடை 12.9086. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.3655 டிகிரி, தரையில் 40 கிலோமீட்டர். அந்தத் தவறான எண்ணைத் தொலைபேசி வரைபடத்தில் போட்டால் அப்துல்லாபுரம் நெடுஞ்சாலை வராது, ஜவ்வாது மலை அடிவாரத்தில் போளூருக்குப் பக்கத்தில் போய்க் குத்தும். எனவே எண்ணை எழுதியதும் ஒருமுறை வரைபடத்தில் தட்டிப் பாருங்கள். ஓடுபாதை கண்ணில் பட்டால்தான் அடுத்த படி.

தூரம்

அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். விமானக்காரர்கள் கிலோமீட்டரை விட்டுக் கடல் மைலைப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வசதிக்காகத்தான்: வரைபடத்தின் ஓரத்திலேயே அளவுகோல் இருக்கிறது.

வடக்கு-தெற்கு வித்தியாசம்: 12 டிகிரி 54.5 நிமிடத்திலிருந்து 11 டிகிரி 47.0ஐக் கழித்தால் 67.5 நிமிடம். ஆக 67.5 கடல் மைல்.

கிழக்கு-மேற்கு வித்தியாசம்: 79 டிகிரி 4.0இலிருந்து 78 டிகிரி 3.9ஐக் கழித்தால் 60.1 நிமிடம். இதை அப்படியே கடல் மைலாக எடுக்கக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். நம் அட்சரேகையில் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதை கோசைன் சொல்லும். இரண்டு ஊரின் சராசரி அட்சரேகை 12.35 டிகிரி, அதன் கோசைன் 0.977. 60.1ஐ 0.977ஆல் பெருக்கினால் 58.7 கடல் மைல்.

இனி பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் போதும். 67.5இன் வர்க்கம் 4556, 58.7இன் வர்க்கம் 3446. கூட்டினால் 8002, வர்க்கமூலம் 89.5. தூரம் 89.5 கடல் மைல், 1.852ஆல் பெருக்கினால் 166 கிலோமீட்டர்.

பூமி உருண்டையாயிற்றே, தட்டையான முக்கோணம் போட்டால் சரியா என்று கேட்கலாம். இவ்வளவு சின்னத் தூரத்துக்கு, நம் ஊர்ப் பக்கம், வித்தியாசம் சில நூறு மீட்டர்தான். சென்னையிலிருந்து டெல்லிக்குக் கணக்குப் போடும்போது கோளச் சூத்திரத்துக்குப் போங்கள். 200 கடல் மைலுக்கு உட்பட்டதற்கு இந்த முக்கோணம் தாராளமாகப் போதும்.

ஒரு வேடிக்கை. கால்குலேட்டர் டிகிரி முறையில் இருக்கிறதா, கோணத்துக்கான இன்னொரு அளவான ரேடியன் முறையில் இருக்கிறதா என்று பார்க்காமல் கோசைன் போடுவது இன்னொரு வழக்கமான தவறு. வேலூர்-சேலம் கணக்கில் அந்தத் தவறு செய்தாலும் பிடிபடவே படாது! 12.35 டிகிரியின் கோசைனும் 12.35 ரேடியனின் கோசைனும் மூன்று தசமம் வரை ஒன்றே, 0.977. 12.35 என்ற எண் நான்கு ‘பை’க்கு, அதாவது 12.566க்கு, அவ்வளவு அருகில் இருப்பதால் நேரும் தற்செயல் இது. சரியாகப் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் அதே கால்குலேட்டரை மதுரைக்குக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வீர்கள். 9.83 ரேடியனின் கோசைன் கழித்தல் 0.92 என்று வரும். சோதனை எளிது: கோசைன் 60 போட்டுப் பாருங்கள், 0.5 வந்தால் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது.

திசையும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவையும்

58.7ஐ 67.5ஆல் வகுத்தால் 0.87. எந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் 0.87 என்று கேட்டால் 41 டிகிரி. திசையை வடக்கிலிருந்து வலமாக எண்ணுவார்கள், தெற்கு என்றால் 180. வேலூரிலிருந்து சேலம் தெற்காகவும் மேற்காகவும் இருக்கிறது, ஆகவே 180உடன் 41ஐக் கூட்டுங்கள்: 221 டிகிரி. திரும்பி வரும் திசை 041. நம் பகுதியில் காந்தமுள் உண்மை வடக்கிலிருந்து விலகுவது இரண்டு டிகிரிக்குள்தான் என்பதால் இந்தப் பயிற்சிக் கணக்கில் அதை விட்டுவிடலாம். நிஜமாகப் பறக்கும்போது விடக்கூடாது.

இந்த 221ஐ மனதில் வையுங்கள். சேலம் ஓடுபாதையின் பெயர் 04/22. ஓடுபாதை எண் என்பது அது பார்க்கும் திசையின் கடைசி இலக்கத்தை எடுத்துவிட்ட வடிவம், 22 என்றால் சுமார் 220 டிகிரி. வேலூரில் கிளம்பி நேராகப் போனால் மூக்குக்கு நேரே ஓடுபாதை விரிந்து கிடக்கும். இப்படி ஒரு பொருத்தம் அபூர்வம். அதன் பலன் நேரக் கணக்கில் தெரியும்.

கோடு எதன் மேல் போகிறது என்று பாருங்கள். அப்துல்லாபுரத்தை விட்டதும் ஜவ்வாது மலை. காவலூர் வைணு பாப்பு வானியல் ஆய்வகத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் மேற்கே கோடு போகிறது. வலது பக்கம் சற்று எட்டத்தில் ஏலகிரி, அதைத் தாண்டித் திருப்பத்தூர். இடது பக்கம் கூப்பிடு தூரத்தில் ஊத்தங்கரை. பிறகு பொம்மிடி பக்கம். கடைசியில் இடது கை ஓரமாகச் சேர்வராயன் மலை, அதன் மடி முடியும் இடத்தில் ஓமலூர், காமலாபுரம், ஓடுபாதை. மலைகளும் ரயில் பாதையும் வளைந்து வளைந்து போகிற இடங்களை எல்லாம் இந்தக் கோடு வெட்டிக்கொண்டு போவதால்தான் 204க்கும் 166க்கும் அந்த 38 கிலோமீட்டர் வித்தியாசம்.

எவ்வளவு உயரத்தில்?

உயரம் தெரியாமல் நேரம் தெரியாது, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நேரம் பிடிக்கும். வழியில் கணக்கில் எடுக்க வேண்டிய உயர்ந்த இடம் சேர்வராயன் மலை. அதன் உச்சி சுமார் 1,620 மீட்டர், 5,300 அடிக்குக் கொஞ்சம் மேல். கோட்டுக்கு நேர்கீழே உச்சி இல்லை. ஆனாலும் மேகத்துக்குள் சற்று விலகினால் மலை எங்கும் போய்விடாது, ஆகவே சேர்த்துக்கொள்ளுங்கள். மலைப்பாங்கான பகுதியில் உச்சிக்கு மேல் 2,000 அடி இடைவெளி வைப்பது வழக்கம். 5,300உம் 2,000உம் 7,300 அடி.

அடுத்து இரட்டை, ஒற்றை விதி. கருவிகளை நம்பிப் பறக்கும் விமானம் மேற்குப் பாதித் திசைகளில் (180 முதல் 359 டிகிரி) போனால் இரட்டைப்படை ஆயிரம், கிழக்குப் பாதியில் போனால் ஒற்றைப்படை ஆயிரம். 221 மேற்குப் பாதி. 7,300க்கு மேல் முதல் இரட்டைப்படை 8,000 அடி. திரும்பும்போது 041 கிழக்குப் பாதி. 7,000 போதாது, எனவே 9,000 அடி. போகும்போதும் வரும்போதும் ஒரே உயரம் போட்டிருந்தால் அந்தத் திட்டத்தைத் திருத்தாமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இப்போது நேரம்

எந்த விமானம்? பெரிய ஜெட்டுக்கு இங்கே வேலையே இல்லை. வேலூர் ஓடுபாதை சுமார் 850 மீட்டர். 70 பேர் உட்காரும் ஏ.டி.ஆர். 72 விமானத்துக்கே அது போதாது, சேலத்தின் 1,800 மீட்டர்தான் அதற்கு ஏற்றது. ஆகவே வேலூர் என்றால் டோர்னியர் 228 போன்ற 17, 19 இருக்கை விமானத்தை மனதில் வைக்க வேண்டும். கான்பூரில் ஹெச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) செய்யும் விமானம் இது. 2022 ஏப்ரலில் அலையன்ஸ் ஏர் 17 இருக்கை டோர்னியரை அருணாசலப் பிரதேசத்துக்குப் பயணிகளோடு ஓட்டத் தொடங்கியது.

கணக்குக்கு அதன் பயண வேகத்தை 190 நாட் என்று வையுங்கள். நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். இது காற்றில் உண்மையான வேகம். விமானியின் முன்னால் உள்ள வேகமானி 8,000 அடியில் இதைவிடக் குறைவாக, 165ஐ ஒட்டிக் காட்டும். மேலே காற்று மெலிவதால், ஆயிரம் அடிக்குச் சுமார் 2 சதவீதம் என்ற கணக்கில் இந்த வித்தியாசம் வரும். வேகமானி எண்ணை அப்படியே போட்டால் நேரம் கூடுதலாக வரும்.

89.5ஐ 190ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் 28 நிமிடம். இதுதான் விடை என்று நிறுத்திவிடாதீர்கள். விமானம் ஓடுபாதையிலிருந்து 190 நாட்டில் கிளம்புவதில்லை.

ஏற்றம்: வேலூர் நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 760 அடி. அங்கிருந்து 8,000 அடிக்கு நிமிடத்துக்கு 1,000 அடி வீதம் 7 நிமிடம். ஏறும்போது வேகம் 130 நாட்தான், 7 நிமிடத்தில் 15 கடல் மைல்.

இறக்கம்: இதைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. சேலம் நிலையம் சுமார் 1,000 அடி உயரம், ஆக இறங்க வேண்டியது 7,000 அடி, தேவைப்படுவது 21 கடல் மைல். சராசரி 160 நாட் என்றால் 8 நிமிடம். இறங்கத் தொடங்கும் இடம் கிளம்பியதிலிருந்து 68 கடல் மைலில், பொம்மிடிக்குச் சற்று முன்னாலேயே வந்துவிடும்.

மிச்சம் நடுவில்: 89.5இல் 15உம் 21உம் போக 53.5 கடல் மைல். 190 நாட்டில் 17 நிமிடம்.

7, 17, 8. மொத்தம் 32 நிமிடம். இதனோடு இரண்டு செலவு சேரும். இறங்கும் இடத்தில் வேகம் குறைத்து, வரிசை பிடித்து, ஓடுபாதைக்கு நேராக வருவதற்கு இரண்டு முதல் ஐந்து நிமிடம். பிறகு தரை: சின்ன நிலையங்களில் ஓடுபாதைக்கு இணையான டாக்ஸிவே, அதாவது விமானம் தரையில் உருண்டு போகும் தனிப்பாதை, இல்லையென்றால், விமானம் ஓடுபாதையிலேயே கடைசி வரை உருண்டு போய், அங்கே திரும்பி நின்று, பிறகுதான் கிளம்ப முடியும். கிளம்பும் பக்கம் 5, சேரும் பக்கம் 3 என்று 8 நிமிடம் வையுங்கள். ஆக 45 நிமிடத்துக்குள் அடங்கும். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும்வரை உள்ள இந்த நேரத்துக்குத்தான் பிளாக் டைம் என்று பெயர். கால அட்டவணையில் அச்சாவது இதுதான், பறக்கும் நேரம் அல்ல.

12 நிமிடம் சொன்ன கருவி 166ஐ மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்தது, அவ்வளவுதான். முக்கால் மணி சொன்னது அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு அரை மணியைக் கூட்டியது. சின்ன விமானத்தின் குறைந்த வேகம், ஏற்ற இறக்கம், தரை நேரம் எல்லாம் சேர்ந்து இந்த வழியில் ஏறத்தாழ அதே அரை மணியாக வருவதால் ஒத்துப்போனது.

விமானம் எப்போதும் நேர்கோட்டில் போவதும் இல்லை. குறிக்கப்பட்ட வான்வழிகள், கட்டுப்பாட்டு அறை சொல்லும் திருப்பங்கள் என்று 5 முதல் 10 சதவீதம் கூட்டி வைப்பது நல்லது. அப்படிக் கூட்டினாலும் நடுப்பகுதியில் இரண்டு மூன்று நிமிடம்தான் ஏறும்.

காற்று

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் 5,000, 8,000 அடி உயரத்தில் நம் பகுதிக்கு மேல் மேற்கிலிருந்து பலமான காற்று அடிக்கும். 260 டிகிரியிலிருந்து 25 நாட் என்று ஒரு நாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாம் போவது 221. இடைக்கோணம் 39 டிகிரி. எதிர்க்காற்று 25 பெருக்கல் கோசைன் 39, அதாவது 19 நாட். பக்கக்காற்று 25 பெருக்கல் சைன் 39, அதாவது 16 நாட்.

பக்கக்காற்றுக்காக விமானத்தின் மூக்கைக் காற்று வரும் பக்கம், வலதுபுறம், 5 டிகிரி திருப்பி வைக்க வேண்டும். திருப்பாமல் போனால் அரை மணி நேரத்தில் 7, 8 கடல் மைல் இடது பக்கம் தள்ளிக்கொண்டு போகும். இடது பக்கம் என்ன இருக்கிறது? சேர்வராயன் மலை.

எதிர்க்காற்றில் தரைவேகம் 190இலிருந்து 171. மேலே போட்ட மூன்று பகுதியையும் மறுபடி போட்டால் 32 நிமிடம் 35 ஆகிறது. திரும்பும்போது அதே 19 நாட் பின்னாலிருந்து தள்ளுகிறது, 9,000 அடிக்கு ஏறும் கூடுதல் நேரத்தையும் சேர்த்து 29 நிமிடம். ஆறு நிமிட லாபம் என்று தோன்றும்.

ஆனால் ஓடுபாதைகளைப் பாருங்கள். விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மேற்குக் காற்று நாளில் வேலூரில் 07/25 ஓடுபாதையில் 25 பக்கம் கிளம்பினால், இடது பக்கம் 30 டிகிரி திரும்பினதும் வழி பிடித்தாயிற்று. சேலத்தில் 22, நேரே இறக்கம். இரண்டு முனையிலும் நேரம் வீணாவதில்லை, அந்த இரண்டு முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு போதும். திரும்பும் பயணத்திலோ எல்லாம் தலைகீழ். சேலத்தில் வடகிழக்கே போக வேண்டிய விமானம் தென்மேற்கு பார்த்துக் கிளம்பி அரைவட்டம் அடித்துத் திரும்ப வேண்டும்: மூன்று நிமிடம். வேலூரை அடைந்ததும் நேரே இறங்க முடியாது, ஓடுபாதையைக் கடந்து கிழக்கே போய்த் திரும்பி வந்து 25இல் இறங்க வேண்டும்: இன்னொரு நான்கு நிமிடம். போகும்போது 35உம் 2உம் தரைக்கு 8உம், 45. வரும்போது 29உம் 7உம் 8உம், 44. பின்காற்று கொடுத்ததை ஓடுபாதை வாங்கிக்கொண்டது. நீண்ட தூரப் பயணத்தில் காற்றுதான் பெரிய ஆள். இந்த மாதிரிக் குறுகிய வழியில் ஓடுபாதை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது காற்றுக்குச் சமமான கணக்கு.

வெயில்

வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. விமானத்துக்கு அது என்ன செய்கிறது என்பது மட்டும் புதிது. சூடான காற்று மெலிந்த காற்று. இறக்கைக்குத் தாங்கும் சக்தி குறையும், இன்ஜினுக்கும் புரொப்பெல்லருக்கும் பிடிப்பு குறையும். கணக்கு எளிது. 760 அடி உயரத்தில் ‘நியமமான’ வெப்பநிலை, அதாவது விமானக் கணக்குகளுக்குப் பொது அளவாக வைத்திருப்பது, 13.5 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் நண்பகல் 41 டிகிரி என்றால் 27.5 டிகிரி கூடுதல். ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி கூட்டச் சொல்கிறது வாய்ப்பாடு. 27.5 பெருக்கல் 120, 3,300 அடி. அதனோடு 760 சேர்த்தால் 4,000 அடிக்கு மேல். அதாவது மே மாத நண்பகலில் அப்துல்லாபுரத்தில் நிற்கும் விமானம், தன்னளவில், ஏலகிரி மலைக்கு மேலே நிற்கிறது. கிளம்ப நீண்ட ஓட்டம் வேண்டும். 850 மீட்டரில் அதற்கு மிச்சம் அதிகம் இல்லை. எனவே ஆளையோ எண்ணெயையோ குறைக்க வேண்டும், அல்லது காலை எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டும். நேர அட்டவணையைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் கிடைக்காது.

மாலைக்கும் ஒரு எல்லை உண்டு. கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கும் சிறு விமானங்கள் சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குப் பிறகு இந்தியாவில் பறக்கக் கூடாது. இரவு விளக்கு இல்லாத நிலையமென்றால் கேட்கவே வேண்டாம். நவம்பரில் வேலூரில் மாலை 5.40 மணிவாக்கில் சூரியன் விழும். 45 நிமிடப் பயணத்தோடு தாமதத்துக்கும் இடம் விட்டு 4.30க்குள் கிளம்பத் திட்டமிடுங்கள். சேலம் ஒரு டிகிரி மேற்கே இருப்பதால் அங்கே பொழுது நான்கு நிமிடம் தள்ளிச் சாயும். அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். விமானத் திட்டத் தாளில் எழுதும் நேரம் உலகப் பொது நேரம் என்பதையும் மறக்க வேண்டாம்: நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். மாலை 4.30 என்பது தாளில் 1100.

வாசலிலிருந்து வாசலுக்கு

வேலூர் கோட்டைப் பக்கமிருந்து அப்துல்லாபுரத்துக்கு 20 நிமிடம், ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்வது, பயணம் 45, பெட்டி எடுக்க 15, காமலாபுரத்திலிருந்து சேலம் ஊருக்குள் 40. மொத்தம் மூன்று மணி நேரம். காட்பாடியில் நல்ல எக்ஸ்பிரஸ் ஏறினால் சேலம் ஜங்ஷனுக்கு ஏறத்தாழ அதே நேரம்தான், ஜங்ஷன் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டீக்கடை வாதத்தில் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. சிறு நிலையத்திலிருந்து விமானம் லாபம் தருவது மூன்று நான்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும்போது, அல்லது தரைவழி மலையையோ ஆற்றையோ சுற்றிக்கொண்டு போகும்போது.

கை பழக இன்னும் இரண்டு

திருப்பதி நிலையம் ரேணிகுண்டாவில்: வடக்கு 13 டிகிரி 38.0 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 32.6 நிமிடம். வேலூரிலிருந்து 43.5 நிமிடம் வடக்கு, 28.6 நிமிடம் கிழக்கு. கோசைன் போட்டால் இரண்டாவது 27.8 ஆகும். விடை 51.6 கடல் மைல், 96 கிலோமீட்டர், திசை 033. 7,000 அடியில் அதே டோர்னியருக்கு ஏற்றம் 6, நடு 6, இறக்கம் 8, வரிசை பிடிக்க 4, தரைக்கு 8. மொத்தம் 32 நிமிடம். சேலத்தோடு ஒப்பிட்டால் தூரம் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் குறைந்திருக்கிறது, நேரமோ நூற்றுக்கு முப்பதுகூடக் குறையவில்லை.

சென்னை: வடக்கு 12 டிகிரி 59, கிழக்கு 80 டிகிரி 10. தூரம் 64 கடல் மைல் சொச்சம், 119 கிலோமீட்டர், ஏறத்தாழ நேர்கிழக்கு. கணக்கு இதோடு முடிந்தது, வழி முடியவில்லை. அந்தக் கோட்டுக்கு வடக்கே 14 கிலோமீட்டர் அளவில் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஓடுபாதை, கடற்படையின் பெரிய ரோந்து விமானங்கள். அவர்களுடைய அனுமதி இல்லாமல் அந்த வான்வெளிக்குள் போகக் கூடாது. அதற்கு அப்பால் சென்னையின் பெரிய விமான வரிசை. அதில் டோர்னியர் நுழைந்தால் பின்னால் 250 நாட்டில் வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாகச் சுற்றச் சொல்வார்கள். இந்த வழிக்கு நேர்கோட்டின் மேல் 10 சதவீதம் போதாது, 20, 25 வையுங்கள். இறங்கும் பக்கம் வரிசை பிடிக்க வைத்த நான்கு நிமிடத்தைப் பத்து ஆக்குங்கள்.